கையை எடுத்தால் நின்றுவிடும்

ராஜினாமாக் கடிதத்தில்
சொந்தக் காரணங்கள் என்று எழுதினேன்.
தலைமையாசிரியர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி
“கல்யாணமா, கனடாவா?” என்றார்.
நாற்பத்துநான்கு வயதுக்காரிக்கு
இரண்டே வாசல்தான் தெரிந்திருக்கிறது அவருக்கு.

அண்ணனிடம் சம்பளம் போதவில்லை என்றேன்.
பக்கத்து வீட்டு சிவமாலாவிடம் தொண்டைவலி.
இரண்டும் பொய்யில்லை.
ஆனால் நடந்தது இது:

ரோஸ்ஹில்லில், சாயப் புட்டிகளும் உடைந்த உலக உருண்டையும் கிடந்த அறையில்
பாதியைத் தமிழுக்குக் கொடுத்திருந்தார்கள்.
ஒன்பது பிள்ளைகள்.
பெயரில் தமிழ், வாயில் கிரியோல்.
ழகரத்துக்கு நாக்கை எங்கே மடிப்பதென்று
வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன்.
அப்போது ஜன்னலுக்கு வெளியே
ஆளே இல்லாத மெட்ரோ
சோதனை ஓட்டத்தில் போனது.
ஒன்பது தலை திரும்பியது.
பத்தாவதாக என் தலை.
வண்டி மறைந்ததும் அவர்கள் பாடத்துக்கு வந்துவிட்டார்கள்.
லோவினா சாமினாடன் என் சேலைத் தலைப்பை இழுத்து,
“மிஸ், இனி வாயை மூடலாம்” என்றாள்.

பயிற்சி கொடுத்தவன் யானிக்.
இருபத்தேழு வயது.
மதாம், மதாம் என்று மரியாதையாகத் திட்டுவான்.
பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்,
கையை எடுத்தால் வண்டி தானாக நின்றுவிடும் என்றான்.
“ஓட்டுபவர் செத்துப்போனால்?”
“அதற்காகத்தானே மதாம் இது.”

அன்றிரவு தூக்கமில்லை.
பத்தொன்பது வருஷம் எடுக்காத கை.
ஒரு வெள்ளிக்கிழமை எடுத்தேன்.
திங்கட்கிழமை ரோஸ்பெல்லிலிருந்து ஒரு பெண் வந்து
நான் விட்ட இடத்துக்கு அடுத்து, ளகரத்திலிருந்து
ஆரம்பித்துவிட்டாளாம்.
எதுவும் நிற்கவில்லை.
கேட்டபோது எனக்கு வந்தது நிம்மதியா அவமானமா,
இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

கியூர்பிப்பில் மழையோடு புறப்படுகிறேன்.
போர்ட்லூயிசில் வெயில் காத்திருக்கிறது.
அடுத்த நிறுத்தத்தின் பெயரை
எப்போதோ பதிவு செய்த ஒருத்தி சொல்லிவிடுகிறாள்.
என் குரலுக்கு வேலை இல்லை,
கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு ‘சரி’யைத் தவிர.
உப்புத்தண்ணீர் கொப்பளிப்பதை விட்டுவிட்டேன்.
விரலிடுக்கில் சாக்கட்டித்தூள் இல்லை.
ஆனாலும் மேடையில் நிற்பவர்களை
என்னையறியாமல் எண்ணிவிடுகிறேன்.
வகோவாவில் முப்பத்தொன்று.
பச்சைக்குடைக்காரர் மூன்று நாளாக வரவில்லை.
யாரிடம் விசாரிப்பது?

நேற்று போ பசேனில்
கதவு மூடும் ஒலி அடங்கும்போது ஒரு பையன் ஓடிவந்தான்,
சட்டை வெளியே தொங்க, பை ஒற்றைத் தோளில்.
மூட்டுக்கறுப்பன் வீட்டு ஆதிரன்.
நாலாம் வகுப்பிலும் இப்படித்தான் வருவான்,
ஒருநாளும் வெளியே நிறுத்தியதில்லை நான்.
மூடினேன்.
பின்னால் எண்பது பேருக்கு ஒன்பது மணி காத்திருக்கிறது.
யார் ஓட்டுகிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை.
கதவைத் தட்டி, கிரியோலில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
திரையில் உதட்டைப் படித்தேன்.
நாக்கு அருமையாக மடிந்தது.

வான்டர்மீர்ஷ் தாண்டி
தண்டவாளத்தின் நடுவே ஒரு நாய் படுத்திருந்தது.
மணி என் காலடியில் இருக்கிறது இப்போது.
பத்தொன்பது வருஷம்
யாரோ அடித்த மணிக்கு உள்ளே போனேன்,
யாரோ அடித்த மணிக்குச் சாப்பிட்டேன்.
மிதித்தேன்.
நாய் காதை மட்டும் ஆட்டியது.
மறுபடி மிதித்தேன்.
எழுந்து, முதுகை வளைத்து,
என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டு
தன் வேகத்தில் நகர்ந்தது.

தாமதம் நாற்பது விநாடி.
படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
நாய் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.